ராசுவுக்காகக் கொடுத்த நகல்

அன்புள்ள தாயி,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை. உன் அப்பாவுக்கு மூட்டு வலி பரவாயில்லை, நம் காளை ராசு நன்றாகத் தின்கிறான், எனக்கு மட்டும் சில மாதமாகச் சோறு இறங்கவில்லை. காரணம் பயம். முந்தாநாள் நீ போன் பண்ணி, "யம்மா, வெள்ளிக்கெழம நானும் அவுகளும் பேங்குக்குப் போறோம். வீட்டு லோனுக்கு ரெண்டு பேரு பேரையும் சேத்துத்தான் எழுதிக் குடுக்குறோம். பேப்பரெல்லாம் ரெடி" என்று சந்தோஷமாகச் சொன்னாய். "நல்லது தாயி" என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்த பிறகு பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததுகூடத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் பேரை யாரோ திருடிக் கடன் வாங்கியிருக்கிறார்கள். என் ஆதார் நகலை எந்த ஆளிடம் கொடுத்தேனோ, அதே ஆளிடம் உன் ஆதாரையும் பான் கார்டையும் நகல் எடுத்துக் கொடுத்தவள் நான்தான். உன் பேரிலும் கடன் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வெள்ளிக்கிழமை பேங்கில் உன் பேரைக் கம்ப்யூட்டரில் தட்டும்போது, மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்க, என்ன வந்து நிற்கும் என்று எனக்குத் தெரியாது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். போன் என்றாலே எனக்கு இப்போது பயம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அதனால்தான் எழுதி, அப்பா கையில் கொடுத்து, திருமயத்தில் பஸ் ஏற்றி அனுப்புகிறேன். அவரை ஒன்றும் சொல்லாதே. அவருக்கே நேற்றுச் சாயங்காலம்தான் தெரியும். நீ படித்து முடிக்கும் வரைக்கும் எதிரே சும்மா உட்கார்ந்திருப்பார், ஒரு காப்பி போட்டுக் கொடு.

உன் கல்யாணத்துக்கு முந்தின பொங்கல் உனக்கு மறந்திருக்காது. அதற்கு முந்தின வருடம் ஜல்லிக்கட்டுக்கு டோக்கன் கிடைக்காமல், யாராவது கடைசி நேரத்தில் விடுவார்கள் என்று நம்பி, ராசுவை வாடிவாசல் வரைக்கும் கூட்டிப்போய் அப்படியே திருப்பி ஓட்டி வந்தோம். கன்றிலிருந்து கண்மாயில் நீச்சல் பழக்கி, மண் குத்த வைத்து, பருத்திக்கொட்டை அரைத்து ஊற்றி வளர்த்தவள் நீ. உன் கயிற்றுக்குத்தான் அவன் வருவான். அன்றைக்கு வீடு வந்து சேரும் வரைக்கும் நீ அவன் கயிற்றை யார் கையிலும் கொடுக்கவில்லை. அடுத்த வருடம் நீ வேறு வீட்டுக்குப் போய்விடுவாய், அதற்குள் ஒரு தடவையாவது உன் கையால் அவனை அவிழ்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. டோக்கனோ இன்டர்நெட்டில்தான். திறந்த கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் அவன் ஊருக்குள் வந்தான். டோக்கன் தம்பி என்றே எல்லோரும் கூப்பிட்டோம். அவனுடைய உண்மையான பேர் இன்று வரைக்கும் எங்களில் யாருக்கும் தெரியாது. எங்கள் பேர் அத்தனையும் அவனுக்குத் தெரியும்.

நல்ல பையனாகத்தான் தெரிந்தான். ராசுவின் திமிலைத் தடவிக்கொடுத்து, கொம்பைப் பார்த்து, "யக்கா, இவன எவன்க்கா தொடுவான்" என்றான். அந்த ஒரு சொல்லுக்கு நான் விழுந்துவிட்டேன், உனக்குத்தான் என்னைத் தெரியுமே. "ஓனருக்கு ஒரு செட்டு, மாட்டுக்கூட வர்றவுகளுக்கு ஒரு செட்டு. ஆதாரு, பான் கார்டு, பேங்க் புக்கு மொதப் பக்கம். பரிசு விழுந்தா பணம் நேரா அக்கவுண்டுக்கே வந்துரும்" என்றான். அப்பா ஆதாரில் பிறந்த தேதி தப்பாக இருந்ததால் ஓனர் என்று என் பேரைப் போட்டோம், கூட வருகிறவள் என்று உன் பேரை. "ஏப்பா, பான் கார்டு எதுக்கு? ராசு என்ன வருமான வரியா கட்டப் போறான்?" என்று நான்தான் கேட்டேன். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். சிரித்து முடித்ததும் எடுத்துக் கொடுத்துவிட்டேன். கேட்கத் தெரிந்த எனக்குப் பதில் வாங்கத் தெரியவில்லை. சின்ன மிஷினில் கட்டைவிரலை வைக்கச் சொன்னான், வைத்தேன். அப்புறம் உன் போனுக்கு ஒரு நம்பர் வந்தது. நீ தலை வாரிக்கொண்டிருந்தாய். "எதுக்கும்மா இது?" என்று கேட்டாய். "ராசுவுக்கு" என்றேன். ராசு என்றதும் நீ மறுபேச்சு இல்லாமல் நம்பரை வாசித்தாய். வேறு யாருக்காவது என்றால் நீ வாசித்திருக்க மாட்டாய் தாயி. உன்னைக் கேள்வி கேட்க விடாமல் பண்ணியது நான் சொன்ன அந்தப் பேர்தான்.

டோக்கன் விஷயத்தில் அவன் ஏமாற்றியிருந்தால் அன்றைக்கே விழித்திருப்போம். அவன் சொன்னபடி டோக்கன் வந்தது. நீ கயிற்றை உருவினாய், ராசு ஒருத்தன் கையிலும் சிக்காமல் பாய்ந்தான், ஸ்டீல் பீரோ பரிசு விழுந்தது. மறுநாள் அவனுக்கு நம் வீட்டில் கறிச்சோறு போட்டேன், இரண்டாம் தடவையும் நானே அள்ளி வைத்தேன். இப்போது அந்தப் பீரோவில்தான் போலீஸ் கொடுத்த ரசீதுகளை வைத்துப் பூட்டுகிறேன்.

இந்த மாசியில் முதல் போன் வந்தது. நான் வாங்காத கடனுக்குத் தவணை கட்டவில்லை என்று ஒருவன். "நான் அங்கன்வாடியில இருந்து ரிட்டயரானவ, எனக்கு எதுக்குங்க லோனு" என்றேன். என் பிறந்த தேதி, அப்பா பேர், பேங்க் கணக்கின் கடைசி நம்பர்கள் எல்லாவற்றையும் ஒப்பித்தான். கட்டாவிட்டால் ஊருக்கு வந்து, தெருவில் நின்று, என் படத்தைக் காட்டிக் கேட்பேன் என்றான். நான் என்ன செய்தேன் தெரியுமா? பென்ஷனில் மிச்சம் பிடித்ததை எடுத்துக் கட்டிவிட்டேன். கட்டினால் வாயை மூடிக்கொள்வான் என்று நினைத்தேன். அடுத்த வாரம் இன்னொருவன் கூப்பிட்டான். பயந்தவள் என்று தெரிந்துவிட்டால் விடுவார்களா? அதன் பிறகு அப்பாவுக்குத் தெரியாமல் போனை அரிசிப் பானைக்குள் வைத்தேன். அரிசிக்குள்ளிருந்தும் அடித்தது.

ஒரு நாள் காலையில் வந்த போனை மட்டும் நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன். உன் முழுப் பேரைச் சொன்னான். "உங்க மகளைப் பிடிச்சு வச்சிருக்கோம், அவங்க பேர்ல கேஸ் இருக்கு" என்று சொல்லி, ஒரு பெண் அழும் சத்தத்தைப் போட்டான். "அம்மா, காப்பாத்து, காப்பாத்து" என்று அந்தப் பெண் தேம்பினாள். குரல் உன் குரல் மாதிரியே இருந்தது. பணம் எங்கே கட்ட வேண்டும் என்று கேட்க வாயைத் திறந்தவள்தான். அந்த நேரம் என் மனசுக்குள் ஒன்று இடித்தது. நீ பள்ளிக்கூடத்தில் கை முறிந்து வந்தபோதுகூட அழவில்லை, "ஏன் இவ்வளவு நேரங்கழிச்சு வந்த?" என்று என்னைத்தான் திட்டினாய். ஆபத்தில் இருந்தால் நீ அழ மாட்டாய், என்மேல் பாய்வாய். போனை அணைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து உன்னைக் கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. ஏழெட்டுத் தடவை கூப்பிட்டேன். கடைசியில் எடுத்து, "யாருங்க?" என்றாய். நான் என்றதும், "ஏம்மா, லேபுல ஒரு ஆளுக்கு ரத்தம் எடுத்துக்கிட்டு இருக்கேன், என்ன தலையா போகுது? கூறு இருக்கா ஒனக்கு?" என்று கத்தினாய். அந்தத் திட்டைக் கேட்டு நான் சிரித்தேன். ஏன் சிரிக்கிறேன் என்று கேட்டு இன்னும் திட்டினாய். காரணம் சொல்லாமல் வைத்துவிட்டேன். உன் பேர் அவன் வாயில் வந்ததே, அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அதற்கடுத்த மாதம் பென்ஷன் எடுக்கப் பேங்குக்குப் போனேன். கணக்கை நிறுத்தி வைத்திருப்பதாகச் சொன்னார்கள். என் பேரில் இன்னொரு பேங்கில் எனக்கே தெரியாமல் ஒரு கணக்கு இருக்கிறதாம். எந்த ஊரிலோ யாரையோ ஏமாற்றிய பணம் அதில் வந்து போயிருக்கிறதாம். நான் கடன்காரி மட்டும் இல்லை, அந்த ஊர் போலீஸ் கணக்கில் திருடியும்கூட. கவுண்டரில் இருந்த பெண் பாவப்பட்டு, "புதுக்கோட்டையில சைபர் போலீசுக்குப் போய் எழுதிக் குடுங்கம்மா, தள்ளிப் போடாதீக" என்றாள். வீட்டில் கோயிலுக்கு என்று பொய் சொல்லிவிட்டுப் போனேன். அங்கே ஒரு பெண் எஸ்.ஐ. இருந்தார், உன்னைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருப்பார். டோக்கன் தம்பியிடம் நகல் கொடுத்ததைச் சொன்னேன், பொறுமையாகக் கேட்டார். முதல் போனுக்குப் பணம் கட்டியதைச் சொன்னதும்தான் கோபப்பட்டார். "நீங்க கட்டுனா, நீங்கதான் வாங்குனீகன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்லம்மா? நம்மது இல்லன்னா இல்லன்னுதான் எழுதிக் குடுக்கணும்" என்றார். என் பேரில் எத்தனை சிம் கார்டு இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் பார்த்தார். நான் வைத்திருப்பது ஒன்று. அங்கே நாலு இருந்தது.

கடைசியாகக் கேட்டார்: "வீட்டுல வேற யார் பேப்பராச்சும் அவன்கிட்டக் குடுத்தீகளா?"

இல்லை என்றேன். தாயி, அவர் முகத்தைப் பார்த்து, கூசாமல், இல்லை என்றேன். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத என் மகள் பேர் போலீஸ் தாளில் ஏறக் கூடாது, சம்பந்தி அம்மா காதுக்குப் போய்விடக் கூடாது என்று நினைத்தேன். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்து, உன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே இடத்தில் உன் பேரை மறைத்துவிட்டு வந்தேன். நான் செய்ததிலேயே பெரிய தப்பு இதுதான். நகல் கொடுத்தது ஏமாந்த தப்பு. இது தெரிந்தே செய்தது.

ஊரும் இப்படித்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறது. நம் தெருவிலேயே வேறு வீடுகளிலும் இந்தத் தொல்லை இருக்கிறது. ஒரு வீட்டில் கேட்டேன். "வெளிய சொன்னா அடுத்த வருசம் நம்ம மாட்டுக்கு டோக்கன் இல்லாமப் பண்ணிருவாக மதினி, பேசாம இருங்க" என்றார்கள். கடனே தலைக்கு மேல் வந்தாலும் காளை வாடிவாசலுக்குப் போயாக வேண்டும் இவர்களுக்கு. சிரிப்பு வந்தது. அப்புறம் நானும் அந்த ஆசையில்தானே விழுந்தேன் என்று நினைத்துச் சிரிப்பு நின்றது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது. அங்கன்வாடியில் இருந்த காலமெல்லாம், ஊர்த் தாய்மார்களிடம் ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், பேங்க் புத்தக நகல் என்று கட்டுக்கட்டாக வாங்கியவள் நான். வேலை முடிந்த தாள்களின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே, வீணாகப் போக வேண்டாமே என்று பிள்ளைகளுக்குப் படம் வரையக் கொடுத்தேன். யானையும் மயிலும் வரைந்து அந்தத் தாளைப் பிள்ளைகள் சட்டைப் பையில் மடித்து எடுத்துப் போகும். மீதியைப் பழைய பேப்பர்காரனுக்கு எடைக்குப் போட்டேன். சிக்கனமான டீச்சர் என்று எனக்கு நல்ல பேர் வேறு. யார் பேர் யார் கைக்குப் போனதோ, எந்த வீட்டில் யார் அழுதார்களோ. நகல் என்பது வெறும் தாள் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். ஒரு ஆள் நம் பேரைப் போட்டுக்கொண்டு நடமாட அது போதும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை.

முந்தாநாள் உன் போனுக்குப் பிறகு என்னால் தாங்க முடியவில்லை. நேற்று அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். மாட்டுக்குப் புல் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே நின்று, "இத்தன நாளா தனியாவா பயந்துக்கிட்டுக் கெடந்த?" என்றார். அப்போதுதான் அழுதேன். இன்று காலை இரண்டு பேருமாகப் புதுக்கோட்டைக்குப் போனோம். அந்த எஸ்.ஐ.யிடம், "அன்னைக்குப் பொய் சொன்னேங்க. எம்மக பேப்பரையும் குடுத்திருக்கேன்" என்றேன். "இப்பவாச்சும் சொன்னீகளே" என்று சொல்லி உன் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டார். நீ பிறந்த அன்று உனக்கு அந்தப் பேரை வைத்தவள் நான். அதைப் போலீஸ் ஸ்டேஷனில் எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டி வந்ததே.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எஸ்.ஐ. சொன்னதும் நான் பட்டுத் தெரிந்துகொண்டதும்தான். வெள்ளிக்கிழமை பேங்குக்குப் போவதற்கு முன்னால் உன் பேரில் என்னென்ன கடன் இருக்கிறது என்று காட்டும் அறிக்கையை நீயே எடுத்துப் பார். வருடத்துக்கு ஒரு தடவை காசில்லாமல் தருவார்களாம். மாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பார், தனியாகப் பார்க்காதே. தனியாகப் பயந்தால் என்ன ஆகும் என்று என்னைப் பார்த்தாலே தெரியும். நீ வாங்காத கடன் ஒரு ரூபாய் இருந்தாலும் கட்டிவிடாதே, எவ்வளவு மிரட்டினாலும். இது என்னுடையது இல்லை என்று கடன் கொடுத்தவனுக்கும் அந்த அறிக்கை தருகிறவர்களுக்கும் எழுது. சைபர் போலீசில் புகார் கொடு. எல்லாவற்றுக்கும் ரசீது வாங்கிப் பத்திரப்படுத்து. உன் பேரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று அரசாங்க இணையதளத்திலேயே பார்க்கலாம், உன்னுடையது இல்லாததை அங்கேயே வெட்டச் சொல்லலாம். ஆதாரில் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது, அதை இன்றைக்கே செய். எனக்கு இ-சேவை மையத்தில் செய்து கொடுத்தார்கள். இனிமேல் யாருக்காவது நகல் கொடுக்க வேண்டி வந்தால், எதற்காகக் கொடுக்கிறாய், என்றைக்குக் கொடுக்கிறாய் என்று தாளின் குறுக்கே பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. நான் இன்று எஸ்.ஐ.க்குக் கொடுத்த நகலிலேயே "போலீஸ் புகாருக்கு மட்டும்" என்று எழுதிவிட்டேன். "எங்களயும் நம்ப மாட்டீகளாம்மா?" என்று சிரித்தார். "தப்பா நெனச்சுக்காதீக, இப்ப என்னையவே நான் நம்பலீங்க" என்றேன்.

என் கணக்கு இன்னும் திறக்கவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை பேங்குக்கும் ஸ்டேஷனுக்கும் நடக்கிறேன். என்றைக்குச் சரியாகும் என்று யாரும் சொல்லவில்லை. சரியான பிறகும் என் நகல் எங்கேயோ ஒரு கம்ப்யூட்டரில் இருக்கத்தான் போகிறது. வாசலில் யாராவது பைக்கை நிறுத்தினால்கூட உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன். இந்தப் பயம் முழுக்கப் போகாது என்று எனக்கே தெரிகிறது.

மாப்பிள்ளையிடமும் சம்பந்தி அம்மாவிடமும் எதையும் மறைக்காதே. கடன் ஏதாவது வந்து நின்றால், எதையோ ஒளித்துப் பெண்ணைக் கட்டிக்கொடுத்தார்கள் என்று அவர்கள் நினைக்கக் கூடாது. இந்தக் கடிதத்தையே அவர்கள் கையில் கொடு. நேரில் வந்து சொல்ல வேண்டும் என்றாலும் வருகிறேன், அவர்கள் வீட்டுக் கூடத்தில் நின்று, என் மகள் ஒரு தப்பும் செய்யவில்லை, மாட்டு ஆசையில் நான்தான் கொடுத்தேன் என்று சொல்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கும். உன் பேர் கெடுவதைவிட என் வெட்கம் பெரிசில்லை.

அறிக்கையைப் பார்த்ததும் நல்லதோ கெட்டதோ எனக்குப் போன் பண்ணு. அரிசிப் பானையிலிருந்து போனை எடுத்துவிட்டேன், மடியிலேயே வைத்திருப்பேன். ஆனால் ஒன்று. உன் நம்பரிலிருந்தே வந்தாலும், உன் குரலிலேயே பேசினாலும், நான் இப்போது சட்டென்று நம்ப மாட்டேன். அம்மா பாவம், வயசான காலத்தில் பயந்து கிடக்கிறாள் என்று இரக்கப்பட்டு மெதுவாகப் பேசிவிடாதே தாயி, நான் போனை அணைத்துவிடுவேன். எடுத்த எடுப்பிலேயே என்னைத் திட்டு. கூறு இருக்கா ஒனக்கு என்று கேள். இத்தனையையும் செய்துவிட்டு ஏன் இவ்வளவு நேரம் கழித்துச் சொன்னாய் என்று வாய் வலிக்கத் திட்டு. நீதான் என்று அப்போது எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் அம்மா